உள்நாட்டுக் காப்பீடா, வெளிநாட்டுக் காப்பீடா?

மொரப்பூரிலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள கம்பைநல்லூர், கடத்தூர், அரூர்ப் பகுதிகளிலிருந்தும் எங்களிடம் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள், நோயைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக இப்போது மிகுதியாகக் கேட்பது காப்பீட்டைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, "காப்பீடு எடுக்கலாமா சார்?" என்பதோடு அக்கேள்வி நின்றுவிடும். இன்று, "வெளிநாட்டுக் கம்பெனி கூட்டு வைத்திருக்கிற பாலிசியாம், பணம் உடனே வந்துவிடுமாம், உண்மையா?" என்று மகன் கேட்கிறார். அருகில் நிற்கும் தந்தையோ, "கவர்மெண்டு கம்பெனி என்றால் ஓடிப்போகாது" என்கிறார். இருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நாங்கள் மருத்துவர்கள், பாலிசி விற்பவர்கள் அல்லர். எந்த நிறுவனத்தையும் வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், பாலிசி விற்பனையாகும் இடத்தில் இல்லாவிட்டாலும், அது பயன்பட வேண்டிய இடத்தில் நாள்தோறும் நிற்பவர்கள் நாங்கள். டிஸ்சார்ஜ் என்று காலையில் எழுதிக் கொடுத்த நோயாளி, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்காக மாலைவரை அதே கட்டிலில் காத்திருப்பதைப் பார்க்கிறோம். முழுத் தொகையும் வந்துவிட்டது என்று கேட்டுக் கண்கலங்கும் மனைவியையும், பாதித் தொகை பிடிக்கப்பட்டதால் தாலிக்கொடியோடு அடகுக் கடைக்குப் போகும் மனைவியையும் பார்க்கிறோம். தந்தை சொல்வதிலும் மகன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைத்தான் விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. நீங்கள் மொரப்பூரில் உட்கார்ந்து வாங்கும் மருத்துவக் காப்பீடு எதுவும், சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனத்தின் பாலிசி அன்று. பெயரில் எந்த நாட்டு வாசனை வீசினாலும், அந்நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் பெற்றது; அதே ஆணையத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. வெளிநாட்டுக்காரர் அதில் பங்குதாரர், அவ்வளவுதான். அவர் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்பதற்கு அரசு ஒரு வரம்பு விதித்து வந்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாருக்கு இத்துறை திறக்கப்பட்டபோது அவ்வரம்பு நூற்றுக்கு 26. 2015இல் 49 ஆயிற்று. 2021இல் 74 ஆயிற்று. அதனை 100 ஆக்கும் அறிவிப்பு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வந்தது.

இந்த வரம்புகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. இந்தியாவில் ஆயுள் காப்பீடு வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. 1818இல் கல்கத்தாவில் ஒரு நிறுவனமும், 1829இல் நம் சென்னையில் மெட்ராஸ் ஈக்விட்டபிள் என்ற நிறுவனமும் தொடங்கின. அக்காலத்து ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியரின் உயிருக்குக் காப்பீடு தர அஞ்சின; தந்தாலும் கூடுதல் பிரீமியம் வாங்கின. இந்தியருக்கும் மற்றவருக்கும் ஒரே கட்டணம் என்று 1870இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் நிறுவனம் முதலில் வழிகாட்டியது. சுதேசி இயக்கம் சூடுபிடித்த 1906இல் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் எழுந்தது. ஆகவே, 'நம்மவர் கம்பெனியா, அவர்கள் கம்பெனியா' என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் மானப் பொருளும் பணப் பொருளும் இருந்தன.

ஆனால் நம்மவர் நிறுவனங்கள் அனைத்தும் நேர்மையாக நடந்தன என்றும் சொல்வதற்கில்லை. அவற்றின் முறைகேடுகளும் சேர்ந்துதான் 1956இல் ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமையாக்கக் காரணமாயின. அப்போது 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநிதிச் சங்கங்கள் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது. 1973 ஜனவரி முதல் நாளில் பொதுக் காப்பீடும் நாட்டுடைமை ஆயிற்று. 107 நிறுவனங்கள் நான்காக ஒடுங்கின. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற அந்நான்கில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. 'மெடிக்ளைம்' என்று ஊரெல்லாம் வழங்கும் மருத்துவக் காப்பீட்டை 1986இல் கொண்டுவந்தவையும் இந்த அரசு நிறுவனங்களே. பிறகு மல்கோத்ரா குழுவின் பரிந்துரை, 1999ஆம் ஆண்டுச் சட்டம், 2000ஆம் ஆண்டு முதல் தனியாரும் அவர்களுடைய வெளிநாட்டுக் கூட்டாளிகளும்.

அக்கூட்டாளிகள் நிலையாக இருந்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையின் ராயல் சுந்தரம் நிறுவனம் 2000இல் உரிமம் பெற்ற முதல் தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுள் ஒன்று. அதன் பெயரிலுள்ள 'ராயல்' பிரிட்டிஷ் கூட்டாளியிடமிருந்து வந்தது. அந்தக் கூட்டாளி 2015இல் தன் பங்கைச் சுந்தரம் ஃபைனான்ஸுக்கு விற்றுவிட்டு விலகினார். பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. 2019இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஏஜியஸ் 40 விழுக்காட்டுப் பங்கோடு உள்ளே வந்தது. அப்போலோ மியூனிக் என்ற நிறுவனம் 2020இல் எச்.டி.எஃப்.சி. எர்கோவுடன் இணைந்து மறைந்தது. மேக்ஸ் பூபா 2021இல் நிவா பூபா ஆயிற்று. சென்னையின் டி.டி.கே. குழுமத்தோடு சேர்ந்து தொடங்கிய சிக்னா டி.டி.கே., பின்னர் மணிப்பால் சிக்னா ஆயிற்று. ஒரு பாலிசியை நீங்கள் முப்பது ஆண்டு வைத்திருக்க எண்ணுகிறீர்கள். அந்தக் காலத்துக்குள் அதன் வெளிநாட்டுக் கூட்டாளி இரண்டு முறை மாறிவிடக்கூடும். நிறுவனம் கைமாறினாலும் உங்கள் ஒப்பந்தம் செல்லும் என்பது உண்மையே. ஆனால், வெளிநாட்டுப் பெயருக்காக மட்டும் வாங்கியவரின் காரணம் நடுவழியில் இறங்கிப் போய்விடும்.

இன்னொன்று. ஒரு நிறுவனம் தன் சொந்த நாட்டில் நடந்துகொள்ளும் முறை கப்பலேறி இங்கு வருவதில்லை. பிரிட்டனின் பூபா, அந்நாட்டில் பங்குதாரர்களே இல்லாத அமைப்பு; ஈட்டும் மிகுதியைப் பங்காதாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இங்கே அதன் பெயர் தாங்கிய நிறுவனம் பங்குச் சந்தையில் 2024இல் பட்டியலிடப்பட்டது. இதில் தவறு ஏதும் இல்லை. பெயர் ஒன்றானாலும் அமைப்பு வேறு என்பதே நாங்கள் சொல்ல வருவது.

அப்படியானால் எந்த நிறுவனம் திறமையானது என்று எதை வைத்து அளப்பது?

காப்பீட்டு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மக்களிடமிருந்து பெற்ற பிரீமியம் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் கிளைமாகத் திரும்பிச் சென்றது என்பது அது. மருத்துவக் காப்பீட்டில் 2023–24ஆம் ஆண்டுக்கான கணக்கு இவ்வாறு அமைந்தது: அரசு நிறுவனங்களில் ஏறத்தாழ 103 ரூபாய்; தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஏறத்தாழ 89 ரூபாய்; மருத்துவக் காப்பீடு ஒன்றை மட்டுமே நடத்தும் நிறுவனங்களில் ஏறத்தாழ 65 ரூபாய். வெளிநாட்டுக் கூட்டு உடையவை பின்னிரண்டு வகையிலும் இருக்கின்றன. முழுக்க இந்தியருடையவையும் அவற்றில் இருக்கின்றன.

இதைப் பார்த்ததும் தந்தையின் கட்சி வென்றுவிட்டதாகத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். நூறு வாங்கி நூற்றுமூன்று கொடுக்கும் கடை எத்தனை நாள் நடக்கும்? அரசு நிறுவனங்களின் வணிகத்தில் பெரும் பகுதி, பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கான குழுக் காப்பீடு. அங்கே போட்டியில் விலையைக் குறைத்துப் பெற்றுக்கொண்டு, பின்னர் இழப்பைச் சுமந்தார்கள். அந்த இழப்பை யார் ஈடுசெய்தார்கள்? 2019–20 முதல் 2021–22 வரையிலான மூன்று ஆண்டுகளில் நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய மூன்றுக்கும் நடுவண் அரசு 17,450 கோடி ரூபாய் மூலதனம் வழங்கியது. அது வரிப்பணம். பாலிசியே இல்லாத கூலித் தொழிலாளி தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரியும் அதில் அடக்கம். ஆகவே 103 என்பது தாராளத்தின் அடையாளம் மட்டுமன்று. விலை நிர்ணயத்தில் நேர்ந்த பிழையின் அடையாளமும் ஆகும்.

மறுபுறம், 65 என்பதைத் திறமை என்று சொல்வதற்கும் எங்களுக்கு மனம் வரவில்லை. மிச்சம் 35 ரூபாய் ஏஜெண்டு கமிஷன், விளம்பரம், அலுவலகச் செலவு, இலாபம் என்று போகிறது. தனிநபர் பாலிசியை வீடு வீடாகச் சென்று விற்பதற்குச் செலவு மிகுதி என்பது உண்மைதான். ஆனாலும் அமெரிக்கா போன்ற, தனியார் காப்பீட்டுக்குப் பெயர்போன நாட்டிலேயே, 2010ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் பாலிசிகளில் நூற்றுக்கு 80 டாலராவது மருத்துவத்திற்குச் செலவாக வேண்டும் என்கிறது. பெரிய குழுக்களுக்கு 85. அதற்குக் குறைந்தால் வித்தியாசத்தை வாடிக்கையாளருக்கே திருப்பித் தர வேண்டும். அந்நாட்டு நிறுவனங்களின் பெயரைக் கொண்டாடும் நாம், அந்நாட்டுச் சட்டத்தை இன்னும் இறக்குமதி செய்யவில்லை.

விளம்பரங்களில் வரும் 'கிளைம் தீர்வு விகிதம்' என்ற வேறொரு கணக்கும் உண்டு. 'நூற்றுக்கு 95 கிளைம்களைத் தீர்த்துவிட்டோம்' என்பார்கள். இரண்டு இலட்சம் கேட்டவருக்கு ஒன்றேகால் இலட்சம் கொடுத்தாலும் அது 'தீர்க்கப்பட்ட' கிளைம்தான். பிடித்தம் செய்த முக்கால் இலட்சம் அந்த விகிதத்தில் தென்படாது. 2023–24இல் நாடு முழுவதும் மருத்துவக் காப்பீட்டாளர்கள் தீர்த்த கிளைம்கள் 2.69 கோடி, வழங்கிய தொகை 83,493 கோடி ரூபாய். அவர்கள் முன் வந்த கிளைம் தொகையோ ஏறத்தாழ 1.17 இலட்சம் கோடி. அதாவது நூறு ரூபாய் கேட்டால் ஏறத்தாழ 71 ரூபாய் கிடைத்திருக்கிறது. மீதியில் ஒரு பகுதி நிலுவை. ஒரு பகுதி பிடித்தம். ஒரு பகுதி மறுப்பு. எண்ணிக்கையைச் சொன்னால் தொகையையும் கேளுங்கள்.

விரைவைப் பொறுத்தவரை மகனின் கட்சிக்கு ஓரளவு வலு உண்டு. எங்கள் அனுபவத்தில், தனியார் நிறுவனங்களில் கணினி வழி விண்ணப்பமும் பதிலும் பெரும்பாலும் விரைவாக நடக்கின்றன. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பேச ஆள் இருக்கிறார். அரசு நிறுவனங்களில் கோப்பு, டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிறுவனத்தின் வழியாகச் சென்று திரும்புவதால் சில சமயம் இழுக்கும். ஆனால் விரைவாக வரும் பதில் எல்லாம் ஒப்புதல் அன்று. 'பழைய மருந்துச் சீட்டு எங்கே, முதன்முதலில் நோய் கண்டுபிடித்த தேதி என்ன' என்று அடுத்தடுத்து வினா எழுப்பும் மின்னஞ்சலும் விரைவாகத்தான் வருகிறது.

2024 மே மாதம் காப்பீட்டு ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே முக்கியமானது. கேஷ்லெஸ் சிகிச்சைக்கான விண்ணப்பத்தை ஒரு மணி நேரத்திற்குள் முடிவு செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதலை, மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்திற்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் வாங்கினால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஒரு கிளைமை மறுப்பதென்றால் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்ப வேண்டும். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கப்படுகிறது என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். இவ்விதிகள் அரசு நிறுவனம், தனியார், வெளிநாட்டுக் கூட்டு என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் பொது. காத்திருக்கும் குடும்பத்தினர் இதை அறிந்து, 'மூன்று மணி நேரம் ஆகிவிட்டது' என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் அமைதியாகச் சொல்வது பலன் தருகிறது என்பதைப் பார்த்திருக்கிறோம்.

நம் மாநிலத்தில் அரசு நிறுவனத்தையும் தனியாரையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஏழைக் குடும்பங்களுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டார் ஹெல்த், 2006இல் சென்னையில் தொடங்கிய, மருத்துவக் காப்பீட்டுக்கென்றே அமைந்த நாட்டின் முதல் நிறுவனம். அதைத் தொடங்கிய வி. ஜெகந்நாதன் அதற்கு முன்பு அரசு நிறுவனமான யுனைடெட் இந்தியாவின் தலைவராக இருந்தவர். 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மாறியபோது, பொறுப்பு யுனைடெட் இந்தியாவுக்குச் சென்றது. தனியாரிடமிருந்து அரசு நிறுவனத்திற்கு மாறியபோது நோயாளிக்கு வேறுபாடு தெரிந்ததா? எங்கள் பார்வையில், அவருக்கு வேறுபாட்டை உண்டாக்கியவை வேறு: எந்தெந்தச் சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தொகை, எத்தனை மருத்துவமனைகள், மேலே இருந்து மேற்பார்ப்பவர் யார் என்பவை. அவற்றை வகுத்தது அரசு. நிறுவனம் எழுதிய நிபந்தனை அன்று, அரசு எழுதிய நிபந்தனை. அதனால்தான் சர்க்கரை நோயை முன்பே சொல்லவில்லை என்று அத்திட்டத்தில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இத்திட்டத்தில் சேரலாம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. மானாவாரி நிலத்தில் மரவள்ளியும் சாமையும் விதைத்து வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த உரிமை இருந்தும் அட்டை இல்லை. இருக்கும் சிலரும், ஏஜெண்டு சொன்னார் என்று கடன் வாங்கித் தனியார் பாலிசிக்குப் பிரீமியம் கட்டுகிறார்கள். முதலில் இந்த அட்டையைப் பெறுங்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு தருமபுரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்திற்குச் சென்றால் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. திருப்பூர், ஓசூர்ப் பக்கம் ஆலைகளில் பணியாற்றி மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் பிள்ளைகள் உள்ள வீடுகள், இ.எஸ்.ஐ. பதிவில் பெற்றோர் பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெங்களூருவில் பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவராக இருந்தால், அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க இடம் உண்டா என்று கேட்கலாம். அப்படிச் சேர முடிந்தால், பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் வேலை போனால் அக்காப்பீடும் போகும்.

இனி, நாங்கள் மிகவும் வருந்தும் ஒரு செய்தி. கிளைம் மறுக்கப்படுவதற்கு நாங்கள் காணும் பெரிய காரணம், நிறுவனம் எந்த நாட்டுடையது என்பதன்று. பாலிசி எடுக்கும்போது கொடுத்த படிவம். 'சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும்' என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் வாங்கிச் செல்லும் ஏஜெண்டுகள் எல்லா வகை நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து மாரடைப்போடு நோயாளி வருகிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, 'சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருடமாக?' என்பது. 'பத்து வருடமாக' என்று மனைவி சொல்கிறார். அது அவருடைய கணவரைக் காப்பாற்றத் தேவையான விடை. மருந்தின் அளவே அதைப் பொறுத்து மாறும். அது சிகிச்சைக் குறிப்பில் ஏறுகிறது. சில நாள் கழித்து அதே வரி கிளைமை மறுக்கும் கடிதத்தில் மேற்கோளாக வருகிறது.

அப்போது சில குடும்பத்தினர், 'பத்து என்பதை ஒன்று என்று மாற்றி எழுதித் தாருங்கள்' என்று கேட்கிறார்கள். அந்த நேரத்து அவர்களுடைய தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் மாற்றி எழுதுவதில்லை. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் அன்று. அடுத்த முறை வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் அந்தக் குறிப்பை நம்பித்தான் சிகிச்சை செய்வார். பொய்யான ஒரு தேதி அன்று உயிருக்கு உலை வைக்கலாம்.

ஆகவே படிவத்தில் உண்மையை எழுதுங்கள். உங்கள் கையாலேயே நிரப்புங்கள், அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். முன்பு அது 48 ஆக இருந்தது. பாலிசியைத் தொடர்ச்சியாக 60 மாதங்கள் புதுப்பித்துவிட்டால், அதன் பிறகு மோசடி என்று நிரூபித்தாலன்றி, முன்பு நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் எந்த நிறுவனமும் கிளைமை மறுக்க முடியாது. இந்த 60 மாதங்களின் அருமையை அறியாமல், புதிய கம்பெனி, புதிய சலுகை என்று பத்தாண்டுப் பாலிசியைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால், 'போர்ட்டபிலிட்டி' முறையில் மாறுங்கள். கைப்பேசி எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்திற்கு மாறுவது போன்றதே இதுவும். கழித்த காத்திருப்புக் காலம் உங்கள் கணக்கிலேயே தொடரும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் புதிய நிறுவனத்தின் விருப்பம். எனவே அவர்கள் ஒப்புக்கொண்டு எழுத்தில் தரும்வரை பழையதை விடாதீர்கள்.

அடுத்து அறை வாடகை. பலர் காப்பீட்டுத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று இலட்ச ரூபாய்ப் பாலிசி, அதில் அறை வாடகை நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். வாடகை 24,000, அறுவை மருத்துவர், செவிலியர், அறுவை அரங்கு முதலிய கட்டணம் 80,000, மருந்தும் பரிசோதனையும் 40,000. மொத்தம் 1,44,000 ரூபாய். நிறுவனம் வாடகையில் 12,000 மட்டும் தரும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதே. ஆனால் தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கியதால் அந்த 80,000மும் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதப் பிடித்தம் கூடாது என்பது விதி. ஆக, நிறுவனம் தருவது 92,000. நோயாளி தருவது 52,000. அறையைக் கூடுதலாக்கியதால் மிகுதியான செலவு 12,000 என்றுதான் அவர் எண்ணியிருப்பார். சேரும்போதே எங்கள் காப்பீட்டு உதவி மேசையில் பாலிசியைக் காட்டி, எந்த அறைக்குத் தகுதி என்று கேட்டுவிட்டால் இந்த அதிர்ச்சி இல்லை. அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிகள் தனியாரிடம் மிகுதி. அவற்றின் பிரீமியமும் மிகுதி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சிறிய ஆறுதல்.

எங்கள் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்வதானால்: அரசுத் திட்டத்திற்குத் தகுதி உள்ளவர்களுக்கு அதுவே முதல் காப்பு. பழைய அரசு நிறுவனப் பாலிசி பல ஆண்டுகளாகக் கையில் உள்ள முதியவர்கள், தாமதத்திற்கு அஞ்சி அதை விட வேண்டாம். இளம் குடும்பம் புதிதாக எடுப்பதாக இருந்தால், இந்தியக் கம்பெனியா அயல்நாட்டுக் கூட்டா என்பதைக் கடைசியில் பார்க்கட்டும். அறை வரம்பு, இணைக்கட்டணம், காத்திருப்புக் காலம், தருமபுரியிலும் சேலத்திலும் எந்த மருத்துவமனைகளில் கேஷ்லெஸ் வசதி உண்டு என்பவற்றை முதலில் பார்க்கட்டும். இணைக்கட்டணம் என்பது ஒவ்வொரு கிளைமிலும் நூற்றுக்கு இவ்வளவு உங்கள் கையிலிருந்து தர வேண்டும் என்ற நிபந்தனை. முதியோர் பாலிசிகளில் இது சிறிய எழுத்தில் இருக்கும்.

இவ்வளவு பார்த்தும் கிளைம் மறுக்கப்பட்டால் அதோடு முடிந்துவிடவில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் எழுதுங்கள். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்புட்ஸ்மன் அலுவலகத்திற்கு, ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். 50 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. நிறைவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்லும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும்.

மனுவோடு மறுப்புக் கடிதம், பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், முழு விவரமான பில், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் அவை தரப்பட வேண்டும். 'நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு மருத்துவர் சான்று தர வேண்டும்' என்று நிறுவனம் கேட்டிருந்தால், அந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதித் தருகிறோம்.